சுவருக்குப் பின்னால் நின்றவன்

'தி ரெய்டு' (2011) என்ற இந்தோனேசியப் படத்தில் கதையே இல்லை, வெறும் அடிதடிதான் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். கதை மெலிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஜகார்த்தாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், 15ஆம் மாடியில் தாதா, கீழேயிருந்து ஏறும் 20 போலீஸார். அவ்வளவுதான்.

ஆனால் 'வெறும் அடிதடி'யா? காயம்பட்ட சக போலீஸோடு நாயகன் ராமா சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காட்சியை மறந்துவிட்டீர்களா? வெளியே ஒருவன் வெட்டுக்கத்தியால் சுவரைக் குத்திக்கொண்டே வருகிறான். ஒரு குத்து ராமாவின் கன்னத்தைக் கிழித்து நிற்கிறது. கத்தி வெளியே போகும்போதே அதில் ஒட்டிய ரத்தத்தை ராமா கையாலேயே துடைத்துவிடுகிறான். ஓர் அடி இல்லை, ஒரு வசனம் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் தாதாவின் அடியாளாக வரும் யயான் ருஹியான். ஆள் குள்ளம், பார்த்தால் பயமே வராது. துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு வெறுங்கையால் சண்டைக்கு வருகிறார் பாருங்கள், அங்கேதான் பயம் பிடிக்கிறது. அவரும் ராமாவாக நடித்த ஈகோ உவைஸும் நிஜமாகவே சிலாட் என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலையைக் கற்றவர்கள், சண்டைகளை அமைத்ததும் அவர்கள்தான். அதனால் கேமரா எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

குறை என்றால், ராமாவுக்கும் தாதாவின் ஆளாக இருக்கும் அவன் அண்ணனுக்கும் இடையிலான விவகாரம் மனதில் ஒட்டவே இல்லை. ராமாவின் கர்ப்பிணி மனைவி வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. கடைசிச் சண்டையில் கழுத்தில் டியூப்லைட் துண்டு ஏறிய பிறகும் ருஹியான் விடாமல் அடிப்பது கொஞ்சம் ஓவர். கதை வேண்டும் என்பவர்களுக்கு 2014இல் வந்த இரண்டாம் பாகம் இருக்கிறது, இரண்டரை மணி நேரம். எனக்கு முதல் பாகமே போதும்.