ரெகாட்டா ஏன் எப்போதும் லேட்? என்ட்ரி ஃபாரத்தில் ஒரு கட்டம் குறைகிறது

ரெகாட்டா, அதாவது துடுப்புப் படகுப் போட்டி நாளில், காலை ஏழு மணிக்கு முதல் ரேஸ் நிமிடம் பிசகாமல் கிளம்பும். பத்தரை வாக்கில் மைக்கில் "அடுத்த ரேஸ் சற்றுத் தாமதம்" என்று ஆரம்பிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தச் "சற்று" ஒன்றரை மணி நேரமாகியிருக்கும். ஏன் என்று கேட்டால் எல்லோரும் காற்றைக் கை காட்டுவார்கள். பல பிரிவுகள் ஓடும் துடுப்புப் படகுப் போட்டிகளில் பெரும்பாலான தாமதத்துக்குக் காற்று பொறுப்பே இல்லை. என்ட்ரி ஃபாரம் வாங்கிய நாளிலேயே அந்தத் தாமதம் உறுதியாகிவிட்டது என்பதுதான் என் கட்சி.

இரண்டு கிளப்புகள் மட்டும் நேருக்கு நேர் மோதினால் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. மெட்ராஸ் போட் கிளப்பும் கொழும்பு ரோயிங் கிளப்பும் 1898-இல் ஆரம்பித்த போட்டி அந்த வகையில் தொடங்கியதுதான். ஓபன், மகளிர், ஜூனியர், நாவிஸ் (புதியவர்கள்), மாஸ்டர்ஸ் (மூத்த வயதினர்), ஒவ்வொன்றிலும் சிங்கிள் (ஓர் ஆள்), டபுள் (இருவர், ஆளுக்கு இரண்டு துடுப்பு), பேர் (pair: இருவர், ஆளுக்கு ஒரு துடுப்பு), ஃபோர் (நால்வர்), எய்ட் (எண்மர்) என்று இருபது முப்பது பிரிவு வைத்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பிரிவுகள் முப்பது இருக்கலாம். படகுகள் முப்பது கிடையாது. சராசரி கிளப்பிடம் ரேஸுக்கு லாயக்கான டபுள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதே படகில் முதலில் ஜூனியர் பெண்கள், அடுத்து ஓபன் ஆண்கள், அப்புறம் மாஸ்டர்ஸ்.

ஒரு டபுள் ஒரு ரேஸிலிருந்து அடுத்த ரேஸுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. 2000 மீட்டரைக் கிளப் தரத்தில் ஓட்ட 8 நிமிடம். ஃபினிஷ் தாண்டி, மூச்சு வாங்கி, மெதுவாகத் துடுப்பு போட்டுப் பாண்டூனுக்கு (படகில் ஏறி இறங்கும் மிதவை மேடைக்கு) வர 10. ஆள் மாறி, செட்டிங் மாற்ற 10. புது ஜோடி வார்ம்-அப் செய்துகொண்டே ஸ்டார்ட்டுக்குப் போய்த் திருப்ப 30. ரேஸ் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே லேனில் நிற்க வேண்டும் என்பது விதி. ஆக மொத்தம் 60 நிமிடம், அதுவும் எதுவுமே தப்பாகாமல் இருந்தால். ப்ரோக்ராமில் அந்த இரண்டு ரேஸுக்கும் நடுவே அரை மணிதான் இருக்கும். அம்பயர் இரக்கப்பட்டு ஒரு ஜோடிக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தால், பின்னால் நிற்கும் அத்தனை ரேஸும் பத்து நிமிடம் தள்ளிப்போகும். இதே மாதிரி நாலு ஜோடிக்கு இரக்கப்பட்டால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

பாண்டூனில் நடக்கும் அந்தப் பத்து நிமிட மாற்றத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், பாதி ரேஸ்கள் அங்கேதான் தோற்கின்றன. 55 கிலோ பெண்கள் இருவர் இறங்கி, 85 கிலோ ஆண்கள் இருவர் ஏறுகிறார்கள். படகு முன்பைவிடத் தாழ்ந்து மிதக்கும். துடுப்பைப் பிடித்திருக்கும் கேட் தண்ணீருக்கு நெருங்கிவிடும், பிளேடை (துடுப்பின் அகன்ற முனையை) தூக்கித் திருப்ப இடம் போதாது. அதனால் கேட்டுக்கு மேலே இருக்கும் கிளிப் வாஷர்களை (கையாலேயே மாட்டும் வளையங்களை) கழற்றிக் கீழே மாட்டி உயர்த்த வேண்டும். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், நாலு கேட்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிட வேலை. அவசரத்தில் மூன்றை உயர்த்திவிட்டு ஒன்றை மறப்பார்கள். அப்புறம் ரேஸ் முழுக்கப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். சீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வருவார்கள்.

அடுத்தது ஸ்ட்ரெச்சர், ஷூ பொருத்தியிருக்கும் கால் பலகை. கால் நீளமானவர் என்றால் அதைச் சில துளைகள் ஸ்டெர்ன் (படகின் பின்முனை) பக்கம் தள்ளி, கையால் திருகும் மூன்று விங் நட்டையும் இறுக்க வேண்டும். பக்கவாட்டு நட்டு இரண்டும் கண்ணுக்குத் தெரியும், கை தானாகப் போகும். கீழே நடுவில் இருக்கும் மூன்றாவதைத்தான் விட்டுவிடுவார்கள். வார்ம்-அப்பில் ஒன்றும் தெரியாது. ஸ்டார்ட்டில் முழு பலத்தோடு உதைக்கும் முதல் சில ஸ்ட்ரோக்குக்குள் ஸ்ட்ரெச்சர் அப்படியே மேலே எழும்பிவிடும். ஷூவின் குதிகாலைப் பலகையோடு கட்டும் கயிறும் அப்படித்தான். ஷூ மாற்றும்போது அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டாமல் விட்டால், கவிழ்ந்தால் கால் ஷூவிலிருந்து வராது. கன்ட்ரோல் கமிஷன் ஆட்கள் (படகுகளைச் சோதிக்கும் அதிகாரிகள்) இதைப் பிடித்துப் பார்ப்பது அதனால்தான். பௌ (முன்) முனையில் வெள்ளை ரப்பர் பந்து இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே: 8 மீட்டர் நீளப் படகின் கூர்முனை இன்னொருவர் முதுகில் ஏறாமல் இருக்க வேண்டும்.

துடுப்பை இடம் வலம் மாற்றிப் போடுவது இன்னொன்று. சிவப்பு போர்ட் (படகு போகும் திசையில் இடது), பச்சை ஸ்டார்போர்ட் (வலது). பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஸ்கல்லருக்கு (இரு கையிலும் துடுப்பு பிடிப்பவருக்கு) சிவப்பு வலது கைக்கு வரும். இது தெரிந்தவர்களும் அவசரத்தில் மாற்றிப் போடுவார்கள். இப்போதைய பிளேடு மேலும் கீழும் ஒரே வடிவம் கிடையாது. மாறினால் முதல் ஸ்ட்ரோக்கிலேயே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். வெயிலில் உலரட்டும் என்று காலையில் திறந்து வைத்த ஏர் டேங்க் மூடியை யாரும் மூடாமல் படகு இறங்குவதும் நடக்கும். கவிழ்ந்தால் மிதக்க வைப்பதே அந்தக் காற்றுதான். 10-13 ஸ்பேனரைக் கயிற்றில் கட்டிப் பாண்டூனிலேயே ஒன்று தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் கிளப்பின் ஸ்பேனர் பாதி ஆற்றின் அடியில் கிடக்கும்.

படகுக்கு இவ்வளவு என்றால், ஆளுக்கு? ஒரே ஆள் ஒரே நாளில் சிங்கிள், டபுள், குவாட் (நால்வர், ஆளுக்கு இரண்டு துடுப்பு), எய்ட் என்று நாலு பெயர் கொடுப்பதை நம் கிளப்புகள் வீரமாக நினைக்கின்றன. 2000 மீட்டர் முழு வேகத்தில் ஓடிய உடம்பில் ஏறிய லாக்டேட் (கடும் உழைப்பில் ரத்தத்தில் சேரும் பொருள்) இறங்க, லேசாகத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தால்கூட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நாற்காலியில் சாய்ந்து கிடந்தால் இன்னும் அதிகம். உடனே எதிர்வாதம் வரும்: 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்திய வீரர் தத்து போகனல் இரண்டு பிரிவில் இறங்கவில்லையா என்று. இறங்கினார். ஆகஸ்ட் 23 அன்று சிங்கிள் ஸ்கல் இறுதியில் உடம்பு முடியாமல் கடைசி இடம். மறுநாள் குவாட்ரபிள் ஸ்கல்லில் ஸ்வர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு தங்கம். நடுவில் ஓர் இரவு முழுக்க இருந்தது. நம் ரெகாட்டாவில் நடுவில் இருப்பது ஒரு டீ. ஓர் ஆளுக்கு நாளைக்கு இரண்டு பிரிவு, இரண்டு ஸ்டார்ட்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்: இதற்கு மேல் அனுமதிக்கக் கூடாது. ஜூனியர்கள் விஷயத்தில் இதில் பேரமே வேண்டாம்.

காற்றைக் குறை சொல்கிறவர்களே ப்ரோக்ராம் போடும்போது காற்றை நினைப்பதில்லை, அதுதான் வேடிக்கை. சென்னை மாதிரி கடலோர ஊரில் கோடையில் காலை தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், நண்பகல் வாக்கில் கடற்காற்று ஏறும். சிங்கிள் என்பது குறைந்தபட்ச எடை 14 கிலோ வைத்த படகு. எய்ட்டுக்கு 96 கிலோ, அதோடு ஒன்பது ஆள். அலையைத் தாங்குவது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் "சின்னப் பசங்கதானே" என்று நாவிஸ் சிங்கிளை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளுவார்கள். நாவிஸும் சிங்கிளும் பேரும் காலையில் முடிய வேண்டும், ஃபோரும் குவாட்டும் பிறகு, எய்ட் கடைசியில். எய்ட்டைக் கடைசியில் வைக்கும் பழைய வழக்கம் கூட்டத்தைப் பிடித்து வைக்கத்தான் என்றாலும், இந்த வகையிலும் சரியாகவே அமைந்துவிட்டது.

எதிர்காற்று சிங்கிளை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். முதல் நாள் அலையில் செர்பியாவின் பேர் படகு கவிழ்ந்தது. அதே நாள் ஹீட்ஸில் (முதல் சுற்றில்) போகனலின் நேரம் 7 நிமிடம் 21 விநாடி. அதே ஏரியில் பின்னால் சி ஃபைனலில் (பின்னிடங்களுக்கான ரேஸில்) 6 நிமிடம் 54 விநாடி. ஆளும் தூரமும் அதேதான். அந்த முதல் நாளுக்கு மறுநாள் காற்று இன்னும் மோசமாகி அன்றைய ரேஸ்கள் மொத்தமும் ரத்தாயின. துடுப்புப் படகின் உலக அமைப்பும் "உலக சாதனை" என்று சொல்வதில்லை, "உலகின் சிறந்த நேரம்" என்றுதான் எழுதுகிறது. ஆகவே காலை ஹீட்டில் ஒருவர் 8:05, மதியம் இன்னொருவர் 8:20 என்று பார்த்து ஃபைனல் லேன் ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஹீட்டில் வந்த இடத்தைப் பாருங்கள்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் அம்பயர் லாஞ்ச், அதாவது நடுவரின் மோட்டார் படகு. ரேஸைப் பின்தொடர 8 நிமிடம், அலை கிளப்பாமல் ஓரமாகத் திரும்பிப் போக 12, ஸ்டார்ட்டில் நின்று அழைக்க 5. ஒரு சுற்று 25 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரேஸ் என்றால் மூன்று லாஞ்ச் கட்டாயம், ஒன்று ஸ்பேர். இரண்டே லாஞ்ச் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிட இடைவெளி என்று நேர்மையாக அச்சடித்துவிடலாம். மீட்புப் படகு இந்தக் கணக்கில் சேராது. அதை இழுத்து அம்பயருக்குக் கொடுக்கவே கூடாது. 2022 மே மாதம் கொல்கத்தா ரவீந்திர சரோவரில் பயிற்சியின்போது திடீர்ப் புயற்காற்றில் படகு கவிழ்ந்து இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். மாலைக் காற்று நேரத்துக்குள் ரேஸைத் தள்ளிக்கொண்டு போகிற ஒவ்வொரு தாமதமும் இந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

ஸ்டார்ட் பாண்டூனில் குப்புறப் படுத்து ஸ்டெர்னைப் பிடிக்கிற பிள்ளைகளையும் கணக்கில் எடுங்கள். ஆறு லேனுக்கு ஆறு பேர் போதாது, மாற்று ஆள் ஆறு வேண்டும். சூடேறிய பலகையில் இரண்டு மணி நேரம் படுத்தவன் கை நடுங்கினால் படகுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்ப்பவருக்கு, சரி என்று வெள்ளைக் கொடி தூக்கவே முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. என்ட்ரி ஃபாரத்தில் ஆட்களின் பெயருக்குப் பக்கத்தில் "எந்தப் படகு, எந்தத் துடுப்பு" என்று ஒரு கட்டம் சேருங்கள். ஷீட்டில் போட்டுப் படகின் பெயர் வாரியாக அடுக்குங்கள். ஒரே படகு 75 நிமிடத்துக்குள் இரண்டு முறை வந்தால் மஞ்சள் அடித்து, பத்து நாள் முன்பே அந்த கிளப்புக்குத் திருப்பி அனுப்புங்கள்: ஒன்றை விடட்டும், இல்லை வேறு படகு இரவல் வாங்கட்டும். முந்தின நாள் கேப்டன்கள் கூட்டத்தில் விலகல்கள் மட்டும்தான் எடுக்கப்படும், நேர மாற்றம் கிடையாது. ஸ்டார்ட்டுக்கு வராத படகை விட்டுவிட்டு மற்ற லேன்களை அனுப்ப ஸ்டார்ட்டருக்கு விதியே அதிகாரம் தருகிறது. முதல் வருடம் இரண்டு மூன்று கிளப் சண்டைக்கு வரும். அவர்களிடம் அந்த மஞ்சள் அடித்த ஷீட்டைக் காட்டினால் போதும்.