தம்பி, பகல் டூட்டிக்கு ஆள் கேக்குறாங்க

வாட்ச்மேன்: தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க. இந்தாங்க அம்பது ரூபா. சட்டுனு உள்ள வைங்க, யாரும் பாக்கல.

சார்: எதுக்குண்ணே இது?

வாட்ச்மேன்: எதுக்குன்னா குடுப்பாங்க. கையில வந்தப்புறம் திருப்பிக் குடுங்க, அவசரமே இல்ல.

சார்: அது இருக்கட்டும், அதென்ன திடீர்னு தம்பி? போன வாரம் வரைக்கும் சார்னுதானே கூப்பிட்டுட்டு இருந்தீங்க?

வாட்ச்மேன்: போன வாரம் வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன் தம்பி.

சார்: வேலை இப்பவும் இருக்குண்ணே!

வாட்ச்மேன்: எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. என் மச்சான் பையனும் ஐடிதான், சோழிங்கநல்லூர்ல, போதும் வராதன்னு சொல்லிட்டாங்க, அவன் வீட்ல சொல்லாம மூணு மாசம் காலையில பைய மாட்டிட்டு கிளம்பி பார்க்ல உக்காந்துட்டு சாயங்காலம் வருவான். அவன் எட்டரைக்குத்தான் கிளம்புவான். நீங்க நாலு மணிக்கே கிளம்பிடுறீங்க, அதான் எனக்கு மனசு கேக்கல.

சார்: நான் மாரத்தானுக்கு ட்ரெயினிங் பண்றேண்ணே. ஜனவரியில இருக்கு. 42 கிலோமீட்டர்.

வாட்ச்மேன்: கீழ கார் நிக்குது, பைக் நிக்குது, ரெண்டையும் விட்டுட்டு இருட்டுல ஓடுறீங்க. பெட்ரோலுக்கு காசு இல்லன்னு சொல்றதுல என்ன கூச்சம்? இந்த மார்கழி பனியில கையில்லாத பனியன் வேற. நல்ல சட்டையெல்லாம் இன்டர்வியூவுக்குன்னு எடுத்து வெச்சிருக்கீங்க போல.

சார்: ஓடுறப்ப வேர்க்கும்ணே, அதுக்குன்னே விக்கிற துணி இது.

வாட்ச்மேன்: ஷூ கூட முன்னாடி பூரா பிஞ்சு கிடக்கு.

சார்: பிய்யலண்ணே, காத்து போறதுக்காக ஓட்டை ஓட்டையா வலை மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. 14,000 ரூபா ஷூ.

வாட்ச்மேன்: ஓட்டையோடயா?

சார்: ஓட்டையோடதான்.

வாட்ச்மேன்: எனக்கு பிடித்தம் போக 13,500 வருது. ஓட்டை இல்லாம.

சார்: அண்ணே, வாட்ச் ஓடிட்டு இருக்கு, நான் கிளம்பணும்.

வாட்ச்மேன்: பெருமாள் கோயிலுக்கா?

சார்: அங்க எதுக்கு?

வாட்ச்மேன்: பொங்கல் வரிசையில நின்னீங்களாமே, பால்காரர் பாத்திருக்காரு. திருப்பாவை முடியறதுக்குள்ள கைய நீட்டிட்டீங்களாம். மூணு தொன்னை.

சார்: ரெண்டு. 28 கிலோமீட்டர் ஓடிட்டு வந்தேண்ணே, உடம்புல கார்போஹைட்ரேட் காலியாயிடும், உடனே ஏத்தணும், இல்லன்னா...

வாட்ச்மேன்: பசிச்சவன் வரிசையில நிக்கிறது தப்பே இல்ல தம்பி. அதுக்கு ஏன் கணக்கு சொல்றீங்க. இங்க பாருங்க, பகல் டூட்டிக்கு ஆள் கேக்குறாங்க, சூப்பர்வைசர் நம்ம ஊர்க்காரர்தான், திண்டிவனம். ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க இங்கிலீஷ் பேசுவீங்க, கொரியர்காரங்களுக்கெல்லாம் சௌகரியமா இருக்கும்.

சார்: எனக்கு வேலை இருக்கு! யாரு உங்ககிட்ட இல்லன்னு சொன்னது?

வாட்ச்மேன்: நீங்கதான். அபார்ட்மென்ட் குரூப்ல காசு கேட்டு போட்டீங்களே, செக்ரட்டரி படிச்சு காமிச்சாரு. கிலோமீட்டருக்கு நூறு ரூபா குடுத்து உதவுங்கன்னு. எனக்கு அப்பவே ஒண்ணு புரியல தம்பி, எந்த ஆட்டோக்காரன் கிலோமீட்டருக்கு நூறு ரூபா கேக்குறான்? 42 கிலோமீட்டர்னா பீச் ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயின் ஏறுனா கூடுவாஞ்சேரி பக்கம் போயிடலாம், உக்காந்துகிட்டே.

சார்: அது எனக்கு இல்லண்ணே, சாரிட்டி. டைப் 1 சர்க்கரை இருக்கற குழந்தைங்களுக்கு.

வாட்ச்மேன்: குழந்தைங்களுக்கு சர்க்கரையா? மிட்டாய் ஜாஸ்தி தின்னுச்சுங்களா?

சார்: மிட்டாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதுங்க உடம்பே இன்சுலின் சுரக்கிற செல்ல அழிச்சுடும். மாத்திரையில நிக்காது, தினம் மூணு நாலு ஊசி, வாழ்நாள் பூரா. அதுக்கு மேல விரல குத்தி குத்தி ரத்தம் பாக்கணும், அந்த ஸ்ட்ரிப் செலவு தனி.

வாட்ச்மேன்: அடப்பாவமே. (கொஞ்ச நேரம் கேட்டை பாத்துட்டு) சரி, அதுக்கு நீங்க ஏன் ஓடணும்?

சார்: நான் ஓடுனா ஜனங்க காசு குடுப்பாங்க.

வாட்ச்மேன்: ஓடலன்னா?

சார்: குடுக்க மாட்டாங்க.

வாட்ச்மேன்: இப்ப ஓடிட்டு இருக்கீங்களே, எவ்ளோ வந்திருக்கு?

சார்: முந்நூறு பேருக்கு லிங்க் அனுப்புனேன். 600 ரூபா.

வாட்ச்மேன்: பரவால்லையே.

சார்: அதுல 500 நான் போட்டது.

வாட்ச்மேன்: மிச்சம் நூறு?

சார்: எங்கம்மா.

வாட்ச்மேன்: கையில கட்டியிருக்கற வாட்ச் என்ன வெலை தம்பி?

சார்: அத விடுங்கண்ணே.

வாட்ச்மேன்: இல்ல, ஷூ 14,000, வாட்ச்சு ஒண்ணு, அந்த பிதுக்கி பிதுக்கி சாப்பிடறீங்களே பேஸ்ட்டு மாதிரி அது ஒண்ணு, எல்லாத்தையும் அந்த குழந்தைங்க கையிலயே குடுத்துட்டு நீங்க நிம்மதியா ஆறு மணி வரைக்கும் தூங்கியிருக்கலாம்ல? நானும் நாலு மணிக்கு கேட் திறக்க வேண்டாம்.

சார்: விழிப்புணர்வுன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே.

வாட்ச்மேன்: விழிப்புதான் எனக்கு ராத்திரி பூரா இருக்கே.

சார்: சரி, நாளைக்கு கேட் திறக்க வேண்டாம், நான் வர மாட்டேன். ரெஸ்ட் டே.

வாட்ச்மேன்: அப்படின்னா?

சார்: வாரத்துல ரெண்டு நாள் ஓடக்கூடாது. காலுக்கு ஓய்வு குடுக்கணும், தசை ரிப்பேர் ஆகணும். அது ட்ரெயினிங்ல ரொம்ப முக்கியம், ரெஸ்ட் எடுக்காம ஓடுனா இஞ்சுரிதான்.

வாட்ச்மேன்: ஓடுனா வாரத்துக்கு ரெண்டு நாள் ரெஸ்ட்டா?

சார்: கட்டாயம்.

வாட்ச்மேன்: அசோசியேஷன்ல சொல்லி என்னையும் ஓட விடுங்க தம்பி. நின்னா குடுக்க மாட்டேங்கிறாங்க. ராத்திரி எட்டுலேர்ந்து காலையில எட்டு, மாத்தி விட ஆள் வந்தாதான் லீவு, போன தடவ ஆள் வந்தது தீபாவளிக்கு முன்னாடி.

சார்: உக்காந்துக்கலாம்லண்ணே நடுவுல?

வாட்ச்மேன்: எதுல?

சார்: சேர்...

வாட்ச்மேன்: சேர் குடுத்தா தூங்கிடுவேனாம். துணிக்கடையில வேலை செய்யறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்களே, என் மக தி.நகர்ல கடையில இருக்கா, ஸ்டூல் வந்துச்சுன்னு சொன்னா. அத செக்ரட்டரிகிட்ட சொன்னேன். இது என்ன துணிக்கடையான்னு கேட்டாரு.

(சேர் விஷயத்த இத எழுதுற நான் நகைச்சுவைக்காக சேர்க்கல. இந்த மாதிரி ஒரு அசோசியேஷன் மீட்டிங்ல நானும் இருந்திருக்கேன், மெத்தை வெச்ச நாற்காலியில சாஞ்சுகிட்டு, முறுக்கு சாப்பிட்டுகிட்டேதான் வாட்ச்மேனுக்கு சேர் வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. அடுத்த அஜெண்டா ஜிம்முக்கு புது ட்ரெட்மில்.)

வாட்ச்மேன்: அது ஏன் தம்பி 42? நாப்பதுன்னு முழுசா வெச்சா என்ன?

சார்: 42 கூட இல்லண்ணே, 42.195. 1908 லண்டன் ஒலிம்பிக்ல அரண்மனையில ஆரம்பிச்சு, ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உக்காந்திருக்கற இடத்துக்கு நேரா முடியற மாதிரி அளந்தாங்க, அந்த தூரத்தையே 1921ல நிரந்தரமாக்கிட்டாங்க.

வாட்ச்மேன்: அவங்க உக்காந்திருந்த இடத்துக்கு இவங்க ஓடி வரணும்?

சார்: ஆமா.

வாட்ச்மேன்: அவங்களுக்கு சேர் இருந்துச்சுல்ல?

சார்: ராஜ குடும்பம்ணே.

வாட்ச்மேன்: இங்கயும் அப்படித்தான். ஒருத்தர் உக்கார்றதுக்கு எத்தன பேர் ஓட வேண்டியிருக்கு. சரி விடுங்க, பகல் டூட்டிக்கு சம்மதமா?

சார்: அண்ணே!! எனக்கு வேலை இருக்கு, சம்பளம் வருது, கடன் இல்ல. வீட்டு லோன் தவிர. இத மொதல்ல மண்டையில ஏத்திக்கோங்க.

வாட்ச்மேன்: நெசமாவா?

சார்: சத்தியமா.

வாட்ச்மேன்: அய்யய்யோ சார்.

சார்: இப்பதான் சார்னு வருது. எதுக்கு அய்யய்யோ?

வாட்ச்மேன்: நான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன் சார்.

சார்: என்னன்னு?

வாட்ச்மேன்: 302 தம்பிக்கு வேலை போயிடுச்சு, மானஸ்தன், வெளிய சொல்ல மாட்டாரு, குரூப்ல ஓட்டம் அது இதுன்னு சுத்தி வளைச்சு கேக்குறாரு, நாமதான் புரிஞ்சுக்கணும்னு. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன் சார், ஒத்த பைசா தொடல. இந்தாங்க, விசிட்டர் நோட்டுல கடைசி பக்கம் பாருங்க.

சார்: (படிக்கிறார்) பி-204 மாமி 500, பழைய சட்டை ரெண்டு, அரிசி அஞ்சு கிலோ. 401 அங்கிள் 1,000. சி பிளாக் டாக்டர் 2,000. செக்ரட்டரி 2,000... செக்ரட்டரியா? எனக்கு அந்த லிங்க்குக்கு கை கூப்பி ஒரு எமோஜி மட்டும் போட்டாரு!

வாட்ச்மேன்: மொத்தம் 8,700 சார். போயி ஒவ்வொரு வீட்டுலயும் உண்மைய சொல்லி திருப்பிக் குடுத்துடறேன்.

சார்: இருங்க இருங்க, என்ன அவசரம்?

வாட்ச்மேன்: பொய் சொல்லி வாங்கினதாச்சே சார்.

சார்: நீங்க எங்க பொய் சொன்னீங்க, நீங்க நம்பினதத்தானே சொன்னீங்க. காசு போகப்போறது அந்த குழந்தைங்களுக்குத்தான். மாரத்தான் முடியட்டும், ஒவ்வொருத்தர் பேர்லயும் ரசீது வாங்கி நானே கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் கொஞ்சம்... டி பிளாக் கேட்டுட்டீங்களா?

வாட்ச்மேன்: இன்னும் இல்ல சார்.

சார்: சார்னு சத்தமா கூப்பிடாதீங்க, பால்காரர் வர்றாரு. தம்பின்னே சொல்லுங்க.

வாட்ச்மேன்: சரி தம்பி. முகத்த கொஞ்சம் வாட்டமா வெச்சுக்கோங்க.

சார்: இப்படியா?

வாட்ச்மேன்: அந்த வாட்ச்ச கழட்டிடுங்க. ஷூ அப்படியே இருக்கட்டும், அது நல்லாதான் இருக்கு.

சார்: அந்த அரிசியும் சட்டையும் எங்கண்ணே?

வாட்ச்மேன்: மீட்டர் ரூம்ல வெச்சிருக்கேன். கூடவே மாமி ஒரு சேரும் குடுத்தாங்க, கை வெச்ச பிளாஸ்டிக் சேர், நல்லா கெட்டி. அத மட்டும் நான் எடுத்துகிட்டேன் தம்பி. செக்ரட்டரி பாத்துட்டு யாருது இதுன்னு கேட்டாரு, 302 தம்பியோடது, வேலை கிடைச்சதும் எடுத்துக்குவாருன்னு சொன்னேன், பாவம்னு விட்டுட்டாரு. அதனால நீங்க பாட்டுக்கு வேலையில இருக்கேன்னு யார்கிட்டயாவது போய் உளறி வெச்சுடாதீங்க.