15 டீம், 15 மேட்ச், 10 தோல்வி

(காலண்டர் தாளின் பின்பக்கம். கூர்மையான பென்சில். மாமா கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். முரளிக்குக் கால்பந்து என்றால் சோறு வேண்டாம்.)

மாமா: நாக்-அவுட்டுல கணக்கு சுலபம் மாப்ளே. டீம்ல ஒண்ணு கழிச்சா மேட்ச். இங்கிலாந்து கால்பந்து சங்கம் நடத்தின முதல் எஃப்.ஏ. கோப்பைக்கு எத்தனை டீம்?

முரளி: 15. 1871-72 சீசன்.

மாமா: அப்போ 14 மேட்ச். எழுதிட்டேன்.

முரளி: 15 மேட்ச் நடந்தது மாமா.

மாமா: எப்படி? 14 பேர் தோத்தா ஒருத்தர் மிச்சம். தீர்ந்தது.

முரளி: 14 பேர் தோக்கல. 10 பேர்தான் தோத்தாங்க.

மாமா: (பென்சிலைக் கீழே வைத்து) மிச்சம் நாலு பேர் எங்கே? இதுல கையாடல் இருக்கு. முதல் சுற்றுல இருந்து வா.

முரளி: 1871 நவம்பர் 11. ஹாம்ப்ஸ்டெட் ஹீதன்ஸுக்கு பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. பாக்கி 14 பேருக்கு ஏழு ஜோடி. அதுல நாலு ஜோடிதான் ஆடுச்சு.

மாமா: ஆரம்பமே சரியில்ல. ஆடினவங்க கதையைச் சொல்லு.

முரளி: கிளாப்பம் ரோவர்ஸ் 3-0ன்னு அப்டன் பார்க்கை ஜெயிச்சாங்க. போட்டியோட முதல் கோல் ஜார்விஸ் கென்ரிக் அடிச்சதுன்னு சொல்வாங்க. மெய்டன்ஹெட் 2-0, தோத்தது கிரேட் மார்லோ. பார்ன்ஸ் 2-0, தோத்தது சிவில் சர்வீஸ்.

மாமா: சிவில் சர்வீஸா? அரசாங்க உத்தியோகஸ்தர்களா?

முரளி: ஆமா. அன்னிக்கு எட்டு பேர்தான் ஆடினாங்களாம்.

மாமா: மூணு பேர் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டு டீக்குப் போயிருப்பான். நாலாவது ஜோடி?

முரளி: கிரிஸ்டல் பேலஸும் ஹிட்சினும். 0-0.

மாமா: மறுபடி ஆடினாங்க.

முரளி: இல்ல. ரெண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போயிட்டாங்க.

மாமா: என்னடா இது! பரீட்சையில ரெண்டு பேரும் முட்டை வாங்கினா ரெண்டு பேரும் பாஸா?

முரளி: விதியே அப்படித்தான். டிரா ஆனா மறுபடி ஆடவிடலாம், இல்ல ரெண்டு பேரையும் மேல அனுப்பலாம். அது கமிட்டி இஷ்டம்.

மாமா: ‘கமிட்டி இஷ்டம்’. இந்த ரெண்டு வார்த்தையில எத்தனை சங்கம் முழுகிப்போச்சு தெரியுமா? சரி, ஆடாத மூணு ஜோடி?

முரளி: ஹாரோ செக்கர்ஸ் விலகிட்டாங்க, வாண்டரர்ஸ் ஆடாமலே மேல. ரைகேட் பிரையரி விலகிட்டாங்க, ராயல் இன்ஜினியர்ஸ் ஆடாமலே மேல. கிளாஸ்கோல இருக்கிற குயின்ஸ் பார்க்குக்கும், லிங்கன்ஷயர்ல இருக்கிற டோனிங்டன் ஸ்கூலுக்கும் ஒரு ஜோடி. எங்கே, என்னிக்குன்னு பேசி முடிக்க முடியல. ரெண்டு பேரையும் மேல அனுப்பிட்டாங்க.

மாமா: பேசி முடிக்காததுக்குப் பரிசா? அடுத்த சுற்றுல வேற ஆளோட ஜோடி சேர்த்திருப்பாங்க.

முரளி: மறுபடி அதே ரெண்டு பேரைத்தான் சேர்த்தாங்க.

மாமா: அடப்பாவிகளா!

முரளி: இந்தத் தடவை டோனிங்டன் விலகிட்டாங்க. குயின்ஸ் பார்க் பந்தைத் தொடாமலே மூணாம் சுற்று.

மாமா: ரெண்டாம் சுற்றுல 10 பேர். ஹாரோ, ரைகேட், டோனிங்டன்... விலகினது மூணு. குறிச்சுக்கிட்டேன். அப்புறம்?

முரளி: வாண்டரர்ஸ் 3-1ன்னு கிளாப்பமை ஜெயிச்சாங்க. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. பேலஸ் மெய்டன்ஹெட்டை 3-0, இன்ஜினியர்ஸ் ஹிட்சினை 5-0. பார்ன்ஸ்-ஹீதன்ஸ் 1-1. இந்த டிராவுக்கு மட்டும் மறு ஆட்டம். ஹீதன்ஸ் 1-0.

மாமா: இதுக்கு மட்டும் ஏன்?

முரளி: கமிட்டி இஷ்டம்.

மாமா: கேட்டிருக்கவே கூடாது. இப்போ அஞ்சு பேர்.

முரளி: குயின்ஸ் பார்க்குக்கு பை. இன்ஜினியர்ஸ் ஹீதன்ஸை முடிச்சுட்டாங்க. வாண்டரர்ஸ்-பேலஸ் 0-0.

மாமா: ரெண்டு பேரும் மேல.

முரளி: பழகிட்டீங்க மாமா! அப்படிச் செஞ்சாத்தான் அரையிறுதிக்கு நாலு தலை தேறும். ஒருத்தரை வெளியே தள்ளினா மூணு பேர்தான் மிச்சம்.

மாமா: ஆக குயின்ஸ் பார்க் ஒரு மேட்ச்கூட ஆடாம அரையிறுதி. அதுக்காவது வந்தாங்களா?

முரளி: மார்ச் 5, லண்டன் கென்னிங்டன் ஓவல். அரையிறுதி எல்லாமே அங்கேதான். வசூல் பண்ணி டிக்கெட் எடுத்து ரயில் ஏறி வந்து, வாண்டரர்ஸோட 0-0. மறு ஆட்டத்துக்குத் தங்கவோ திரும்பி வரவோ கையில காசில்ல. விலகிட்டாங்க. இத்தனைக்கும் 20 பவுண்டு கோப்பைக்கு அவங்களும் ஒரு கினி கொடுத்திருந்தாங்க. 21 ஷில்லிங்.

மாமா: பாவம்டா. மொய்யும் எழுதிட்டு, பந்தியில உக்காராமப் போயிருக்காங்க. தோக்கவும் இல்ல, ஒரு கோல் வாங்கவும் இல்ல. விலகினது நாலு!

முரளி: இன்னொரு அரையிறுதி இன்ஜினியர்ஸ்-பேலஸ். அதுவும் 0-0. மறு ஆட்டத்துல இன்ஜினியர்ஸ் 3-0.

மாமா: (கூட்டுகிறார்) தோத்து வெளியே போனது ஒன்பது, இறுதியில ஒண்ணு, பத்து. விலகினது நாலு. பதினாலு! டிரா அஞ்சு, முடிவு தெரிஞ்சது பத்து, ஆக மேட்ச் பதினஞ்சு! டேய், டேலி ஆகுது! ... இரு இரு. வாண்டரர்ஸ் இறுதிக்கு எப்படி வந்தான்? ஹாரோ விலகினான், பேலஸோட டிரா, குயின்ஸ் பார்க் ஊருக்குப் போயிட்டான். ஜெயிச்சது ஒரே ஒரு மேட்ச்!

முரளி: அதான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்.

மாமா: அந்த டீமுக்கு யார் கேப்டன்?

முரளி: சார்லஸ் ஆல்காக்.

மாமா: இந்தப் போட்டியை நடத்தலாம்னு யோசனை சொன்னது?

முரளி: அவர்தான். 1871 ஜூலை 20. ஹாரோ பள்ளிக்கூடத்துல விடுதிகளுக்குள்ள இப்படி ஆடுவாங்க. அவர் அங்கே படிச்சவர்.

மாமா: சங்கத்துச் செயலாளர்?

முரளி: ...அவர்தான்.

மாமா: (கண்ணாடியைத் துடைத்தபடி) மேல சொல்லு.

முரளி: மாமா, தப்பா எழுதாதீங்க. மனுஷன் நல்லவர். 1872 மார்ச் 16, ஓவல்ல இறுதி. டிக்கெட் ஒரு ஷில்லிங், கூட்டம் சுமார் 2,000. இன்ஜினியர்ஸ்தான் ஜெயிப்பாங்கன்னு பேச்சு. அப்போ ஆஃப்சைடு விதிப்படி முன்னாடி நிக்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவுல எதிராளி மூணு பேராவது இருக்கணும். அதனால முன்னாடி பாஸ் கொடுக்கிறது கஷ்டம். ஒருத்தன் பந்தைக் காலோட உருட்டிட்டு ஓடுவான், தவறினா எடுக்க மத்தவங்க பின்னாடியே ஓடுவாங்க. வாண்டரர்ஸ் அப்படி. இன்ஜினியர்ஸ் ராணுவக்காரங்க, சேர்ந்து பாஸ் பண்ணி ஆடிப் பழகினவங்க.

மாமா: அப்புறம் ஏன் தோத்தான்?

முரளி: டாஸ் தோத்து வெயிலையும் காத்தையும் எதிர்த்து நின்னாங்க. பத்தே நிமிஷத்துல அவங்க ஆளு கிரெஸ்வெல்லுக்குக் காறை எலும்பு முறிஞ்சது. மாத்து ஆள் கிடையாது. வலியோட கடைசி வரைக்கும் களத்துல நின்னார். 15ஆவது நிமிஷம் வாண்டரர்ஸ் கோல். அப்போ கோல் விழுந்தா பக்கம் மாத்தணும். அதனால காத்து இன்ஜினியர்ஸுக்குச் சாதகமாச்சு, ஆனாலும் திருப்பி அடிக்க முடியல. 1-0.

மாமா: பந்து வலைக்குள்ள நல்லா விழுந்ததா?

முரளி: வலையே கிடையாது. ரெண்டு கம்பம், நடுவுல 24 அடி. எட்டடி உசரத்துல கட்டைக்குப் பதிலா ஒரு நாடா.

மாமா: நாடா காத்துல ஆடினா?

முரளி: அதுக்குத்தான் பக்கத்துக்கு ஒரு அம்பயர். அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னா ரெஃப்ரி.

மாமா: கோல் அடிச்சது யாரு?

முரளி: ஏ. எச். செக்கர்.

மாமா: யாரு அது?

முரளி: அப்படி ஒரு ஆளே இல்ல. அது புனைபெயர். அடிச்சது மார்ட்டன் பீட்டோ பெட்ஸ். ஹாரோ செக்கர்ஸ் டீம்காரர்.

மாமா: இரு. முதல் சுற்றுல வாண்டரர்ஸுக்கு வழி விட்டு விலகினானே, அந்த ஹாரோ செக்கர்ஸா?

முரளி: ஆமா.

மாமா: பினாமிடா! கோப்பையே பினாமி பேர்ல வாங்கியிருக்கான்! எப்போ கையில கொடுத்தாங்க?

முரளி: ஏப்ரல் 11. சேரிங் கிராஸ் பக்கம் பால் மால் ரெஸ்டாரன்ட்ல, விருந்தோட.

மாமா: பட்டுவாடா 26 நாள் தாமதம். விருந்துச் செலவுக்கு வவுச்சர் இருக்காது. அடுத்த வருஷமாவது ஒழுங்கா நடந்ததா?

முரளி: வாண்டரர்ஸ் எந்தச் சுற்றும் ஆட வேண்டாம், நேரா இறுதின்னு வெச்சாங்க. கோப்பையை வெச்சிருக்கிறவனோட மத்தவன் வந்து மோதணும்.

மாமா: அதுல தப்பில்ல. அது முன்பாக்கி, பக்கத்தோட தலையிலதான் எழுதணும். குயின்ஸ் பார்க்?

முரளி: தூரத்துல இருந்து வர்றாங்கன்னு இரக்கப்பட்டு நேரா அரையிறுதியில போட்டாங்க.

மாமா: நல்ல காரியம். யாரோட ஆடினாங்க?

முரளி: ஆக்ஸ்ஃபோர்டோட...

மாமா: ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா?

முரளி: விலகிட்டாங்க.

மாமா: (எழுந்து) இன்னொரு காலண்டர் தாள் கிழிச்சுட்டு வா.