மிதமான குளிர்காலத்துக்குச் சூரியன் காரணமா?

"பூமி சூரியனுக்கு நெருக்கமாக வந்துவிட்டது, அதனால்தான் இந்த முறை குளிரே இல்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பூமி ஆண்டுதோறும் ஜனவரி தொடக்கத்தில்தான் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது: சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலையில் 15.2 கோடி கி.மீ. அதாவது வட அரைக்கோளத்தின் கடுங்குளிர் மாதத்தில்தான் நெருக்கமே அதிகம். பருவங்களைத் தீர்மானிப்பது பூமியின் 23.4 டிகிரி சாய்வு.

அப்படியானால் சில குளிர்காலங்கள் மட்டும் ஏன் மிதமாகின்றன? 2019-20ஐப் பாருங்கள். வடதுருவத்தின் மேலே சுழலும் காற்றுச்சுழல் அந்த ஆண்டு மிக வலுவாக இருந்தது. வலுத்த சுழல் உறைகுளிர்க் காற்றைத் துருவத்தைவிட்டு நகரவிடாது. மேற்கிலிருந்து வீசிய கடற்காற்று ஐரோப்பாவை வெதுவெதுப்பாக வைத்திருந்தது. ஜெர்மனியில் ஐஸ் ஒயினுக்கான திராட்சை கொடியிலேயே உறைய மைனஸ் 7 டிகிரியாவது வேண்டும். அது கிடைக்காமல் அறுவடையே பொய்த்தது.

2023-24இல் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவின் பெருநிலப்பரப்பு பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானதைக் கண்டது. இந்த ஏற்ற இறக்கங்கள் எப்போதும் உண்டு. ஆனால் பசுங்குடில் வாயுக்கள் அடிப்படை வெப்பநிலையையே உயர்த்திவிட்டன. இதைத்தான் அந்தச் செய்தி மறைக்கிறது. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.