வைரஸுக்குப் பயந்து குளிரைக் கைவிட்டவர்கள்

காய்ச்சல் ஆராய்ச்சிக்காக நாங்கள் வரவழைத்த, குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய புரதத்தை, பெட்டியின் மேல் 'டெங்கு வைரஸ்' என்று எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக வண்டியில் ஏற்றாமல் கிடங்கின் ஓரத்தில் ஒதுக்கிப்போட்ட கூரியர் நிறுவனத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கோவை விமான நிலையத்தில் இறங்கிய பெட்டி அது. அங்கிருந்து வேலந்தாவளம் வழியாக, எல்லையோரத்தில் எங்கள் ஆய்வகம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வருவதற்குச் சற்றேறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் 678 என்று தொடங்கும் எங்கள் அஞ்சல் குறியீடு கேரளத்தைச் சேர்ந்தது என்பதால், வாளையார் வழியாகக் கொச்சிக்குக் கொண்டுபோய், வார இறுதி முழுவதும் அங்கேயே போட்டுவைத்து, பிறகு பாலக்காட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாலக்காட்டுக் கிடங்கில்தான் இந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

பெட்டிக்குள் இருந்தது வைரஸே அன்று. டெங்கு வைரஸின் புரதங்களில் ஒன்றான என்எஸ்1க்குரிய மரபணுவை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல்களுக்குள் செலுத்தி, அவை சுரந்த புரதத்தைச் சுத்திகரித்து அடைத்த குப்பி அது. பெருகுவதற்கு வேண்டிய மரபுப்பொருள் இல்லாத அந்தப் புரதம் யாரையும் தொற்ற முடியாது. பிறந்த குழந்தைக்கு நாம் நம்பிப் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் இருப்பதும் இதே முறையில் ஈஸ்ட்டில் உருவாக்கிய வைரஸ் புரதம்தான்.

பெட்டியில் ஒட்டியிருந்த, கறுப்புக் கோடுகளும் 9 என்ற எண்ணும் கொண்ட சாய்சதுர முத்திரையைக் காட்டி, இது ஆபத்தான பொருள் என்று கிடங்கு ஊழியர் வாதாடினார். அந்த முத்திரையும் அருகிலுள்ள யுஎன் 1845 என்ற சரக்கு அடையாள எண்ணும் குளிருக்காக உள்ளே வைத்த டிரை ஐஸுக்கு உரியவை, மைனஸ் 78.5 டிகிரியில் திடமாக இருக்கும் கரியமில வாயுவான அது உருகாமல் நேரே ஆவியாகி, காற்றோட்டமில்லாத அறையில் மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்பதற்கான எச்சரிக்கை அது. நோய்க்கிருமிகளுக்கு வேறு முத்திரையும் வேறு எண்களும் உண்டு. பெட்டி தூக்கும் அந்தத் தம்பியை நான் குறைசொல்ல மாட்டேன். மருந்தும் ஆய்வுப்பொருளும் ஏற்றிச் செல்வதாக விளம்பரம் செய்துவிட்டு, தன் ஆட்களுக்கு இந்த அடிப்படையைக்கூடக் கற்றுக்கொடுக்காத நிறுவனத்தைத்தான் சொல்கிறேன்.

ஒருவழியாகப் பெட்டி வந்து திறந்தபோது, டிரை ஐஸ் ஒரு துண்டுகூட மிஞ்சியிருக்கவில்லை. அதை நிரப்பியிருந்த பை தொய்ந்து கிடந்தது. தெர்மோகோலின் உட்புறம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. குப்பிக்குள் இருந்த திரவம் மட்டும் தெளிவாகவே தெரிந்தது, கொடுமையே அதுதான். வெப்பத்தில் புரதம் கெட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினாலும், ஏறத்தாழ 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் பட்டை வழக்கம்போல வந்து நிற்கும். ஏனெனில் அந்தச் சோதனையே புரதம் மடிந்திருக்கும் வடிவத்தை, அதாவது அதன் மடிப்பைக் குலைத்துவிட்டுத்தான் எடையைக் காட்டுகிறது. நோயாளியின் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) பல அந்த மடிப்பைத்தான் அடையாளம் கண்டு பற்றுகின்றன. மடிப்பு குலைந்த புரதத்தை, எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலிசா சோதனைத் தட்டில் பூசினால், எதிர்ப்பொருள் இருக்கும் ரத்தத்திலும் இல்லை என்றோ குறைவு என்றோ விடை வரக்கூடும். அப்படி ஒரு பொய்யான எண்ணை என் மாணவி தன் ஆய்வேட்டில் எழுதுவதற்கு நான் எப்படிச் சம்மதிப்பேன்?

விற்ற நிறுவனமோ, பெட்டி உடையவில்லை, கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டீர்கள், ஆகவே மாற்றித்தர இயலாது என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டது. குப்பியில் இருந்தது 100 மைக்ரோகிராம், அதாவது தூளுப்பின் ஓரிரு துகள் அளவு. அதற்கு எங்கள் மானியத்தில் பெரும்பங்கு போய்விட்டது.

2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியதிலிருந்து இந்தப் பக்கத்து மக்களின் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் உயிருள்ள நிபா வைரஸை வளர்க்கப் புனேயில் உள்ளதைப் போன்ற நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். எங்களைப் போன்ற சிறிய இடங்களில் ஆபத்தில்லாமல் எதிர்ப்பொருளைத் தேடுவதற்கு வழிசெய்வதே இத்தகைய புரதங்கள்தான். அவற்றையே வைரஸ் என்று விரட்டினால் நாங்கள் எதை வைத்து வேலை செய்வது?

ஆகவே விற்பவர்களிடம் கேட்கிறேன்: ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பநிலைப் பதிவுக் கருவியை வையுங்கள், அது காட்டும் அளவுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமையில் சரக்கு அனுப்பாதீர்கள். கூரியர்காரர்களே, எல்லையோர ஊர்களுக்கான குளிர்ச்சரக்கைக் கோவையிலிருந்து நேரே அனுப்புங்கள். அதுவும் முடியாதென்றால் விமான நிலையத்திலேயே வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.