பெட்டி ஹோல்பர்ட்டனை 1946-லேயே நிறுத்திவிடாதீர்கள்

மார்ச் மாதம் மகளிர் தினம் வந்தால் அந்தப் படமும் வந்துவிடும். சுவர் முழுக்க வயர்களும் ஸ்விட்ச்களும், முன்னால் சில இளம்பெண்கள். கீழே வழக்கமான நான்கு வரி: அமெரிக்காவின் ஆரம்பகாலக் கணினியான எனியாக்குக்கு முதன்முதலில் ப்ரோக்ராம் எழுதிய ஆறு பெண்கள், அதன் அறிமுக நாள் விருந்துக்குக்கூட அழைக்கவில்லை, வரலாறு மறந்துவிட்டது, பகிருங்கள்.

எல்லாம் உண்மைதான். ஆனாலும் எனக்குக் கடுப்பாக இருக்கிறது. அந்த ஆறு பேரில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டனுக்கு அப்போது வயது 28. அவருடைய பெரிய வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் விருந்து கிடைக்காத கதையிலேயே நின்றுவிடுகிறோம்.

1917 மார்ச் 7, ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணக்கு படிக்கப் போன முதல் நாளே, வீட்டில் பிள்ளை வளர்க்கலாமே என்று பேராசிரியர் கேட்டாராம். இவர் இதழியல் பக்கம் போய்விட்டார். போர் வந்து ஆண்கள் ராணுவத்துக்குப் போனதும், அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவான மூர் ஸ்கூலில் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடப் பெண்கள் தேவைப்பட்டார்கள். வேண்டாம் என்ற கணக்கே அவரைத் திரும்பக் கூப்பிட்டது.

அங்கிருந்துதான் எனியாக்குக்குத் தேர்வானார். மொழி இல்லை, கையேடு இல்லை. பாதுகாப்பு அனுமதி இல்லாததால் ஆரம்பத்தில் இயந்திரத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. மின்சுற்று வரைபடத்தை வைத்தே, சுமார் 18,000 வால்வுகள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்கள்) கொண்ட அந்த ராட்சதனைப் புரிந்துகொண்டார்கள். 1946 பிப்ரவரி 15 அன்று செயல்விளக்கம். முந்தைய இரவு ப்ரோக்ராமில் ஒரு பிழை: குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல், அது பூமிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. பெட்டி வீட்டுக்குப் போய்த் தூங்கினார். காலையில் நேரே வந்து ஒரே ஒரு ஸ்விட்சை மாற்றினார், சரியாகிவிட்டது. எல்லோரும் பகிரும் கதை இது. நானும் விடவில்லை பாருங்கள்.

இனிமேல்தான் விஷயமே. எனியாக்கை உருவாக்கிய எக்கர்ட்டும் மாக்லியும் தனி நிறுவனம் தொடங்கியபோது பெட்டியும் அங்கே சேர்ந்தார். ஆண்கள் எல்லோரும் அமுக்கினார்கள் என்று ஒரே போடாகப் போடுகிறவர்களுக்காக: இந்த இரண்டு பேரும் அவரைப் பெரிதும் மதித்தவர்கள். அந்த நிறுவனத்தின் யுனிவாக் கணினியின் கட்டளைகளை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ் என்று ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தையே கட்டளையாக வைத்தார். வெறும் எண்களை மனப்பாடம் செய்த காலத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி! கீபோர்டுக்குப் பக்கத்தில் எண்களைத் தனிக் கட்டமாக வைக்கும் யோசனையும் இவருடையதே.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது 1951-52இல் அவர் செய்த சார்ட்-மெர்ஜ் ஜெனரேட்டர். அன்று தகவல்கள் காந்த டேப்பில் வரிசையாகக் கிடக்கும். வேண்டியதைத் தாவி எடுக்க முடியாது. சம்பளப் பட்டியலோ காப்பீட்டுக் கணக்கோ, எதைச் செய்தாலும் முதலில் வரிசைப்படுத்தியாக வேண்டும். மொய் நோட்டை ஒருவர் ஊர்வாரியாகக் கேட்பார், இன்னொருவர் தொகைவாரியாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் தனி ப்ரோக்ராம் எழுதி யாரால் மாளும்? பெட்டி சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தும் வழிகளை யோசித்தார். கடைசியில் அவர் எழுதியது வரிசைப்படுத்தும் ப்ரோக்ராம் அல்ல. உங்கள் கோப்பு எப்படி இருக்கிறது, எதை வைத்து அடுக்க வேண்டும் என்று சொன்னால், அதற்கான ப்ரோக்ராமைத் தானே எழுதித் தரும் ப்ரோக்ராம்!

கணினியே ப்ரோக்ராம் எழுதுகிறது என்று இன்று வாயைப் பிளக்கிறோமே, அந்தச் சரடின் முனைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. நாம் எழுதும் ப்ரோக்ராமை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர் என்றதும் நாம் சொல்லும் பெயர், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர். அவர் பெயரில் போர்க்கப்பலே ஓடுகிறது. தகுதியானவர்தான். ஆனால் கணினியை வைத்தே ப்ரோக்ராம் எழுதலாம் என்று காட்டிய முதல் படி பெட்டியின் ஜெனரேட்டர்தான் என்று சொன்னவரே ஹாப்பர். நாம் ஏன் அதை மட்டும் விட்டுவிட்டோம்?

கல்யாணம் 1950இல். அதற்கு முன்பு ஸ்னைடர், பிறகு ஹோல்பர்ட்டன் என்று இரண்டு பெயர்களில் அவர் வேலை சிதறிக் கிடப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று நம் ரசனை. பாதிக்கப்பட்டவர் கதை உடனே பிடிக்கிறது, வேலையைப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டியிருக்கிறது. எண்பதுகளில் கேத்தி கிளைமன் என்ற மாணவி அந்தப் படங்களில் இருப்பது யார் என்று விசாரித்தபோது, விளம்பரத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து காட்டும் பெண்களைப் போன்ற மாடல்கள் என்று பதில் வந்ததாம். அவர் விடாமல் தேடியதால்தான் நமக்கு இந்தப் பெயர்களே தெரியும். பெட்டிக்கு முக்கிய விருதுகள் வந்தது 1997இல், எண்பது வயதில். 2001இல் காலமானார்.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. 1953இல் கடற்படை ஆய்வுக்கூடம், பிறகு அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகம். கோபோல் (COBOL), ஃபோர்ட்ரான் என்ற ப்ரோக்ராம் மொழிகளின் தரம் வகுக்கும் வேலையிலும் அவர் பங்கு உண்டு. நம்மூர் பொறியியல் கல்லூரிகளில் ஃபோர்ட்ரான் 77 படித்து அரியர் வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். திட்டுவதென்றால் இவரையும் சேர்த்தே திட்டலாம், பெயர் சொல்லி.