ஈட்டி மீனுக்கு மேலே அல்ல, கீழே

"தண்ணீருக்குள் மீன் உண்மையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும், அதனால் மேலே குறிவைத்து ஈட்டியை எறியவேண்டும்" என்று, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஈட்டியால் மீன் குத்துவதைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இதை நம்பி யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலுக்குள் இறங்கினால் வெறுங்கையோடுதான் வீடு திரும்பவேண்டும்!

விஷயம் நேர்மாறு. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால் மீன் மேலெழுந்து தெரியும். நேர் மேலே நின்று பார்த்தால் ஒரு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் திருக்கை ஏறக்குறைய 75 சென்ரிமீற்றரில் கிடப்பது போல இருக்கும். சரிவாகப் பார்த்தால் பிழை இன்னும் கூடும். ஆகவே தெரியும் மீனுக்குக் கீழேதான் குறி வைக்கவேண்டும். எவ்வளவு கீழே? அது ஆழத்தையும் பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது, கைப்பழக்கம்தான் சொல்லித்தரும்.

ஆனால் இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஈட்டி முனையை முதலே மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் முனையும் மீனும் ஒரே மாதிரி இடம்மாறித் தெரியும். அப்போது நேரே பார்த்துக் குத்தலாம். நம்முடைய இந்தக் கடலேரி ஆழம் குறைந்தது, பல இடங்களில் நடந்தே போகலாம் என்பதால் இந்த வழி இங்கே நன்றாகவே சரிவரும்.

அப்புறம், "விளக்கு மீனைக் கூப்பிடத்தான்" என்று சொல்வதும் பாதிக் கதை. இரவில் விளக்கு இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் மீன் உங்கள் கண்ணுக்கே தெரியாது. காற்றில்லாத இரவாகவும் இருக்கவேண்டும், அலை எழும்பினால் எல்லாம் கலங்கித் தெரியும்.